பெரியவரின் தொண்டை

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வயர் சீவியும் குறடு பிடித்தும் பழகிய விரல்களுக்குள் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எந்த ‘ர’ போடுவது, எந்த ‘ன’ போடுவது என்று தெரியாமல் பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. வாயால் சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு பாய் வைத்திருந்த மைக் செட் கடையில் நான் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவோம். நாலு பேர் எதிரில் என் குரல் வெளியே வராது. டீக்கடையில் டீ கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கடைக்காரர் தானாக என்னைப் பார்க்கும்வரை தூணோரம் நிற்பேன். ஆனால் ஒரு தட்டிக்குப் பின்னால் உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, வேறொருவர் குரலில் பேசச் சொன்னால் பேசுவேன். பஸ் கண்டக்டர் குரல், ரேஷன் கடைக்காரர் குரல், சந்தையில் கருவாடு விற்கும் அம்மாள் குரல், எதுவானாலும் வரும். கூச்சம் என்னுடைய குரலுக்குத்தான் இருந்தது. மற்றவர்கள் குரலுக்கு இல்லை.

“உனக்கு இது சாமி குடுத்ததுடா” என்பார்கள். சாமி ஒன்றும் கொடுக்கவில்லை. அது எப்படி வருகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள்.

ஒருவர் பேசும்போது எல்லாரும் அவர் வாயைப் பார்ப்பார்கள். நான் கழுத்தைப் பார்ப்பேன். தொண்டை முடிச்சு மேலே ஏறினால் குரல் மெலியும், கீழே இறங்கினால் தடிக்கும். தாடையை இறுக்கிக்கொண்டு பேசுகிறவர் யார், மூக்கால் மூச்சை விட்டுப் பேசுகிறவர் யார், பேச்சின் கடைசியில் மூச்சு தீர்ந்துபோகிறவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். நாக்கு எங்கே படுத்திருக்கிறது என்பது முக்கியம். வெற்றிலை அடக்குகிறவருக்கு அது ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். பெண் குரலுக்குக் கீச்சென்று கத்தினால் போதும் என்று நினைப்பார்கள். அப்படிக் கத்தினால் கோழி மாதிரிதான் இருக்கும். வாயின் உள்ளிடத்தைக் குறுக்கி, உதட்டை முன்னால் கொண்டுவந்து, மெதுவாகப் பேச வேண்டும். பிறகு உடம்பு. தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவர் குரலைக் கூனிக்கொண்டு எடுக்க முடியாது. அவர் நிற்பது போல நின்றால் பாதிக் குரல் தானாக வந்துவிடும்.

இதெல்லாம் பழகினால் யாருக்கும் வரும். அருவருப்பானது இன்னொன்று இருக்கிறது. ஒருவர் குரலில் இருக்கிற நல்லதை வைத்து அவரை யாரும் கண்டுபிடிப்பதில்லை. இழுப்பு, எச்சில் சத்தம், ஏப்பம், செருமல், பல்லிடுக்கில் காற்று போகிற சத்தம், இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆகையால் குரலை எடுக்கிறவன் முதலில் அந்த அசிங்கத்தைத்தான் எடுக்க வேண்டும். இன்னொருவர் துப்பியதை எடுத்து என் வாயில் போட்டுக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கை தட்டும்போது நான் கொல்லைப்பக்கம் போய் வாய் கொப்புளித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு நன்றாக வந்த குரல் பெரியவர் குரல். என் அக்காவைக் கொடுத்த ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில், பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது. பெரியவர்தான் அந்த ஊருக்கு நாட்டாண்மை. ஊர் வயலில் பாதி அவருடையது. அக்கா புருஷன் அவரிடம் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டபின் சில வருஷங்கள் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மாமாவோடு பெரியவர் வீட்டு வாசலில் நிற்பேன். மாமா தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். பெரியவர் உடனே பேச மாட்டார். முதலில் நெஞ்சிலிருந்து கோழையைப் பிரட்டி மேலே கொண்டுவருவார். அது தொண்டையில் வந்து நிற்கும். துப்ப மாட்டார். நாம் காத்திருக்க வேண்டும். பிறகு அதைத் திரும்ப விழுங்கிவிட்டு, “ம்ம்... இன்னா?” என்பார். அந்த ‘ம்ம்’மைக் கேட்டால் ஊரே எழுந்து நிற்கும். நான் எடுத்தது அந்தக் கோழையைத்தான். அது வந்ததும் மீதிக் குரல் அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரத்தில் கட்டும் புனல் ஒலிபெருக்கியை நாங்கள் குழாய் என்போம். குழாய்க்கு அடித்தொண்டைச் சத்தம் பிடிக்காது. கனமான சத்தத்தைக் கீழேயே விட்டுவிட்டு மூக்குச் சத்தத்தையும் கரகரப்பையும் மட்டும் தூக்கிக்கொண்டு போகும். பெரியவருக்கு இடி மாதிரி நெஞ்சுக் குரல். எனக்கு அந்த நெஞ்சு கிடையாது. ஆனால் குழாயில் யாருக்குமே நெஞ்சு இருக்காது. அவர் பேசினாலும் நான் பேசினாலும் குழாயில் ஒன்றுதான். நேரில் நின்று பேசினால் என்னுடையது வெறும் தகர டப்பா. இது மைக் செட் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

எங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி இடம் வேண்டும் என்று போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. புரட்டாசியில் சாலை மறியல் என்று சொன்னார்கள். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். பஸ் நின்றது. கள்ளக்குறிச்சியில் கடைகள் அரைக் கதவோடு இருந்தன. எனக்கும் அதில் ஆசை இருந்தது. இரண்டு எழுத்து கூடப் படித்திருந்தால் நான் இப்படித் தூணோரம் நிற்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறேன். அந்த ஆசையை நான் இன்றும் குறை சொல்லவில்லை.

மறியலுக்கு முதல் நாள் எங்கள் சாதிச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் கண்ணாடி போட்டவர். மற்றவர் பேசவே இல்லை.

“பாய், டெம்போவுக்கு ஒரு செட்டு வேணும். நாலு குழா.”

“செட்டு இருக்குதுங்க. போலீசு புடுங்கிக்கினு பூட்டா யாரு பதில் சொல்றது?”

“ஒண்ணும் ஆவாது பாய். ஆத்தோரத்து ஊருங்கதான் கெளம்ப மாட்டேங்குது. பெரியவர் வாயத் தொறந்தா மொத்த சனமும் ரோட்டுக்கு வந்துரும். அந்தாளு பிடி குடுக்க மாட்டேங்கறாரு. இன்னிக்கு சின்னசேலத்துல பொண்ணு வூட்டுக்குப் போய்ட்டாராம்.”

“வேணும்னே போயிருப்பாரு” என்று சிரித்த பாய், சிரித்த வாயோடு என்னைப் பார்த்தார். “அந்தாளு இல்லன்னா இன்னா? இவன் இருக்கறான். டேய், ஒரு வாட்டி அவர மாதிரி பேசிக் காட்டு.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டு, பழுது பார்க்க வந்திருந்த குழாயில் பேசினேன். “ம்ம்... இன்னாடா, எல்லாம் வூட்ல குந்திக்கினு இருக்கறீங்க?”

கண்ணாடிக்காரர் தன்னை அறியாமல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதுவரை பேசாமல் இருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையை அதற்கு முன் யாரும் அப்படிக் குலுக்கியதில்லை. அந்தக் குலுக்கலுக்காகத்தான் நான் போனேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுநாள் காலையில் டெம்போவின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வண்டியை ஊருக்குள் கொண்டுபோகவில்லை. வாய்க்கால் மேட்டில் புளியமரங்களுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். குழாய்கள் ஊரைப் பார்த்து இருந்தன. தொந்தியைத் தள்ளினேன். நாக்கை இடது கன்னத்துக்கு ஒதுக்கினேன். கோழையைப் பிரட்டினேன்.

“ம்ம்... நான்தான் பேசறேன். ஆம்பளைன்னு இருக்கறவன் எல்லாம் ரோட்டுக்கு வா. கோடாலி இருக்கறவன் எடுத்துக்கினு வா. வர்றவனுக்கு நான் பொறுப்பு.”

கடைசி வரியை யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது பெரியவர் குரலோடு தானாக வந்துவிட்டது. அந்தக் குரலில் பேசும்போது நமக்கும் பொறுப்பு ஏற்கிற தைரியம் வந்துவிடுகிறது.

தார்ப்பாய் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஊர் வந்தது. நடந்துகூட வரவில்லை, ஓடி வந்தது. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். எங்கள் மாமா கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு டெம்போவைத் தாண்டி ஓடினார். முகத்தில் திருவிழாவுக்குப் போகிற சந்தோஷம். நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். கூப்பிடவில்லை.

மதியத்துக்கு மேல் போலீஸ் வந்தது. தடியடி. ஆட்கள் கரும்புக்குள் புகுந்து சிதறினார்கள். அதற்கு முன்பே எங்கள் வண்டி திரும்பிவிட்டது. பாய் கடையைச் சாத்திவிட்டு என்னிடம், “நீ எங்கியும் போகல. நான் எங்கியும் அனுப்பல. புரிஞ்சுதா?” என்றார்.

எல்லாம் அடங்கி பஸ் ஓட ஆரம்பித்ததும் பெரியவர் சின்னசேலத்திலிருந்து வந்து இறங்கினார். ஊரில் அவருக்கு மாலை போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் மைக் செட் எங்களுடையதுதான். நான் மேடைக்குக் கீழே ஒயர் பக்கத்தில் குத்த வைத்திருந்தேன். ஒரு குரல் வந்து கூப்பிட்டது, அது தன்னுடையது அல்ல என்று அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிவிடுவார், நான் அகப்பட்டுக்கொள்வேன் என்று ஒயர்க் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் மைக்கைப் பிடித்தார். கோழையைப் பிரட்டினார்.

“ம்ம்... ஒரு கொரல் குடுத்தேன். ஊரே வந்து நின்னுது. இதுக்கு மேல எனக்கு இன்னா வேணும்?”

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. நான் திருடிய பொருளை, திருட்டுக் கொடுத்தவரே என் எதிரில் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் குமட்டியது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதுதான் அதிகமாகக் குமட்டுகிறது.

கார்த்திகையில் போலீஸ் பட்டியலோடு வந்தது. மறியல் அன்று ஒரு பஸ்ஸின் கண்ணாடியையும் முன்பக்கத்தையும் யாரோ கோடாலியால் பிளந்திருந்தார்கள். மாமாவின் கோடாலி அங்கே கிடந்தது. அடையாளத்துக்காகக் காம்பில் அவர் பெயரின் முதல் எழுத்தைச் சூட்டுக்கோலால் இழுத்திருந்தார். ஓடும்போது கை தவறிவிட்டது, எடுத்து அடித்தவன் வேறு ஆள் என்று அவர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். போலீஸ் வரும் முன்பே அவர் கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் கூப்பிட்டுப் போனவன் மேல் வழக்கு வந்தால் அது ஊர் வழக்கு. ஊர் அவனுக்கு ஜாமீன் நிற்கும். அவன் திரும்பி வரும்வரை வயலைப் பார்க்கும், விளைச்சலை அறுத்து வீட்டில் சேர்க்கும். தானாகப் போனவன் வழக்கு அவன் தலையோடு. மாமாவின் கரும்பு தையில் வெட்டுக்கு வரும். பெரியவர் கூப்பிட்டுத்தான் போனார் என்று ஊர் ஒப்புக்கொண்டால் கரும்பு வெட்டப்படும், குத்தகை நிலைக்கும். இல்லையென்றால் கரும்பு காயும், வயல் கை மாறும். அக்கா பெரியவர் வீட்டு வாசலுக்கு மூன்று முறை போனாள். மூன்றாவது முறை அவர், “நான் எங்க கூப்ட்டேன்? நான் சின்னசேலத்துல இருந்தேன்” என்றார். உண்மைதான். அதைவிடக் கேவலமான உண்மையை நான் கேட்டதில்லை.

ஊரில் மற்றவர்களும் அப்படியே. அன்றைக்கு ரோட்டுக்கு ஓடியவர்கள் எல்லாம் அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தார்களாம். குரலா? எந்தக் குரல்? யாருக்கும் காது கேட்கவில்லை.

மார்கழியில் நான் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையத்திலிருந்து ஜீப்பில் இருபது பேரோடு ஒருவனாகத் தொங்கிக்கொண்டு வெள்ளிமலை போய், அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடந்தேன். சாமை அறுத்த சரிவுகளில் பனி நின்றது. கரும்பு வெட்டுக்குக் கீழே வந்துபோகும் மலைக்காரர் ஒருவர் தன் காவல் குடிசையை மாமாவுக்கு விட்டிருந்தார். மாமா தாடியோடு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“வாடா மச்சான். கரும்பு எப்டி கீது?”

“நல்லா இருக்குது மாமா.”

“பெரியவரு இன்னா சொல்றாரு? அவரு கூப்ட்டுத்தான் போனேன்னு எஸ்.ஐ. கிட்ட ஒரு வார்த்த சொல்ல சொல்லு. அவரு சொல்லுவாரு. அவரு வாக்கு மாற மாட்டாரு.”

என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூலையில் ஒரு மண்ணெண்ணெய் டின் காலியாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். டின்னுக்குள் முகத்தை விட்டு, கோழையைப் பிரட்டி, “ம்ம்... கோடாலி இருக்கறவன் எடுத்துக்கினு வா. வர்றவனுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தோளில் இருந்த துண்டு அக்குளுக்கு வந்திருந்தது. மலை உச்சியில், போலீசுக்குப் பயந்து ஒளிந்திருக்கிற குடிசையில், மண்ணெண்ணெய் டின்னுக்கு முன்னால் துண்டை இடுக்கிக்கொண்டு நின்றார். அது டின் என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் துண்டைப் பார்த்தார். அதை உதறிக் கீழே போட்டார்.

“நீயாடா?”

தலையை ஆட்டினேன்.

“ஒரு மாசமா அந்தாளு கூப்ட்டான்னு நெனச்சிக்கினு இங்க குளுர்ல கெடக்கறேன். என் மச்சானாடா?” அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. டின்னைக் காலால் எட்டி உதைத்தார். அது சரிவில் உருண்டு போகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. பிறகு சொன்னார்: “சரி. ஊர்ல போயி சொல்லு. இதே மாதிரி பேசிக் காட்டு. அந்தக் கொரலக் கேட்டுட்டு எவன் காது கேக்கலன்னு சொல்றான்னு பாத்துடலாம். சொல்லுவியா?”

“சொல்றேன் மாமா.”

தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமிகள் பெண்ணையாற்றுக்கு வரும். அதற்கு முதல் நாள் அக்கா ஊரைக் கூட்டச் சொன்னாள். கோயில் வேப்பமரத்தடியில் கூடினார்கள். திருவிழாவுக்காக அந்த மரத்தில் குழாய் கட்டியிருந்தது. அன்று காலையில் நான்தான் ஏறிக் கட்டினேன். பேச்சு கேட்க வேண்டுமென்று பாட்டை நிறுத்தியிருந்தார்கள். பாயும் வந்து கோயில் மதிலோரம் நின்றார்.

அக்கா நடுவில் வந்து, “என் வூட்டுக்காரரு கூப்ட்ட கொரலுக்குத்தான் போனாரு. அந்தக் கொரலு யாருதுன்னு இவன் சொல்லுவான்” என்றாள். என்னை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை கண்கள்! நான் தரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு டெம்போவில் பேசியது நான்தான் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. “இன்னாது, என் மாதிரி பேசினியா? நீயா? சரி, பேசு. ஊரு கேக்கட்டும்.”

அந்த ஊரில் வயதில் மூத்தவர் ஒருவர், “நாயமான பேச்சு. அதே கொரலு வந்துதுன்னா நாம எல்லாரும் அத்தக் கேட்டுத்தான் போனோம்னு ஆவும், இது ஊரு வழக்குதான். கரும்ப நாம வெட்டணும். பேசுடா தம்பி” என்றார்.

நான் பேசினேன். தொந்தியைத் தள்ள முயன்றேன், கூனிக்கொண்டது. நாக்கு ஒதுங்கவில்லை. கோழை வரவில்லை, வறண்ட தொண்டையில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. “ம்ம்... ஆம்பளைன்னு இருக்கறவன்...” கன்றுக்குட்டி கத்துவது போல இருந்தது. யாரோ ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

என் தலைக்கு மேல் குழாய் தொங்கியது. ஆம்ப்ளிபயர் பத்தடி தூரத்தில் இருந்தது. ‘குழாயில் பேசுகிறேன்’ என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒரு சாக்கை மேலே போர்த்திக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரித்திருக்க மாட்டார். எனக்கு அது அந்த நிமிஷமே தெரியும். அப்போது தெரியவில்லை, பிறகுதான் புரிந்தது என்று எழுத என் கைக்கு ஆசையாக இருக்கிறது. தெரியும். சொல்ல வாய் வரவில்லை. பாயைப் பார்த்தேன். அவருக்கும் தெரியும். அவர் மதிலில் ஒட்டியிருந்த நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தோளைக் குறுக்கினார். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணைத் தரையில் வைத்து, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, மெலிந்த குரலில் திக்கித் திக்கிச் சொன்னார்: “நா... நான்தாங்க பேசினேன். மா... மாமாவுக்கோசரம் வந்தேங்க.”

நான் அசந்துபோனேன். அது என் குரல். அச்சாக என் குரல். தொண்டை முடிச்சு எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது. பேச்சின் கடைசியில் என் மூச்சு எப்படித் தீருமோ அப்படித் தீர்ந்தது. என் எச்சில் சத்தம்கூட இருந்தது. அவர் குரலை நான் மாதக்கணக்காகப் பழகி எடுத்தேன், என் குரலை அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எடுத்தார். குழாய் தேவைப்படவில்லை. எங்களைப் போன்றவர்கள் வாசலில் நின்று குழைவதை அவர் எத்தனை வருஷமாகக் கேட்டிருப்பார்!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊர்க்காரர் ஒருவர், “பெரியவரே, இன்னொரு வாட்டி!” என்றார்.

பேசச் சொன்ன முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ அன்னிக்கு மால போட்டமே, அது எதுக்கு?” என்று கேட்டார்.

“மால போட்டீங்க, வாங்கிக்கினேன். நானா கேட்டேன்?” என்றார் பெரியவர். கோழையை மேலே கொண்டுவந்து, இந்த முறை பக்கத்தில் துப்பினார். அதோடு முடிந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், “கொழா மேலதான தொங்கிக்கினு இருந்துச்சி” என்றாள். மைக் செட் வேலை தெரியாத அவளுக்கும் அது தோன்றியிருக்கிறது.

மாமா மலையிலிருந்து இறங்கி வந்து தானாகப் போலீசில் நின்றார். உள்ளே இருந்துவிட்டு வந்தபோது கரும்பு வெட்டாமல் பூத்துக் காய்ந்திருந்தது. வயல் வேறு ஆளுக்குப் போய்விட்டது. பொய் சொல்லி ஊரை இழுக்கப் பார்த்தவர் என்ற பேர் அவருக்கு நின்றது. அவரும் அக்காவும் வெள்ளிமலைப் பக்கமே போய்விட்டார்கள். அந்த மலைக்காரரின் சரிவில், விளைச்சலில் பாதி அவருக்கு என்று வாரத்துக்குச் சாமையும் மரவள்ளியும் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். மாமா என்னோடு பேசுவார். ஆனால் என்னைப் பார்த்துப் பேச மாட்டார்.

நான் குரல் எடுப்பதை விட்டேன். மைக் செட்டை விடவில்லை, அது பிழைப்பு. பாய் போனபின் கடை எனக்கு வந்தது.

போன மாதம் பெரியவர் இறந்துபோனார். சாவுக்குக் குழாய் கட்டியது நான்தான். இன்று காலையில் அவருடைய மகன் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நாளைக்கு ஆத்துத் திருவிழா. அப்பா வருஷா வருஷம் மைக்ல ரெண்டு வார்த்த பேசித்தான் நம்ம ஊரு சாமி கெளம்பும். இந்த வருஷம் அவரு இல்ல. அவரு பேச்ச யாரும் டேப்புல புடிக்கல. நீ பேசு.”

“நானுங்களா? எனக்கு வராதுங்க.”

“இன்னாப்பா வராது? மறியலப்போ கூப்ட்டியே, அத்த மாதிரி பேசு. அன்னிக்கு நான் வாசல்ல நின்னு கேட்டேன். அப்பா சின்னசேலத்துல இருக்காருன்னு தெரிஞ்சும் ஒரு நிமிசம் ஏமாந்து பூட்டேன். சாயங்காலமே ஊருக்கெல்லாம் தெரியும், நீதான்னு. மைக் செட்டுப் பையன் சோக்கா பேசறான்னு அப்பாவே எத்தினி வாட்டி சொல்லிச் சிரிச்சிருக்காரு!”

என்னைப் புகழ்வதாக அவருக்கு நினைப்பு. மரத்தடியில் உட்கார்ந்து சிரித்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் கீச்சுக் குரலைக் கேட்டு அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பை வைத்துக்கொண்டுதான் என் கீச்சுக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமாகக் குழாய், குழாய் என்று நான் உள்ளுக்குள் அழுதது வீண். குழாயில் பேசியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். அதற்காக என் மேல் குற்றம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நான் அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர்கள் சிரிப்பதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டிருப்பார்கள். அந்தச் சிரமத்தைக்கூட நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

“பேச மாட்டேங்க” என்றேன்.

“இன்னா?”

“மாட்டேன்.” என் குரல் மெலிந்து, உடைந்து, கடைசியில் மூச்சு தீர்ந்துதான் வந்தது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “எங்க மாமா பொய் சொல்லல. அத்த மொதல்ல உங்க ஊர்ல மைக் போட்டு சொல்லுங்க. செட்டு நான் சும்மா தர்றேன்.”

“பைத்தியமா உனக்கு? எந்தக் காலத்துக் கதை அது!” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு கடையில் செட் எடுத்திருப்பார்.

கடையைப் பூட்டிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். மகன் வந்து சொன்னதைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், மாமா பொய் சொல்லவில்லை என்பது நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றேன். மலையில் காற்று அடிக்கிற சத்தம் போனில் கேட்டது.

“எழுதி இன்னாடா பண்ணப் போற? கரும்பு வந்துருமா?” என்றாள். போனைப் பொத்திக்கொண்டு மாமாவிடம் ஏதோ பேசிவிட்டு, “எழுது. கோடாலி கை தவறித்தான் வுழுந்துச்சின்னு உங்க மாமா சொல்லச் சொல்றாரு. அத்த வுட்டுடாத” என்றாள்.

விடவில்லை. மேலே எழுதியிருக்கிறேன். இன்னொரு முறையும் எழுதுகிறேன்: கோடாலி கை தவறித்தான் விழுந்தது. கூப்பிட்ட குரல் என்னுடையது.

தை மாதம் நான்காம் தேதி, வியாழக்கிழமை.